மோதலுக்குள்ளான றிமோட் காரைத் திருத்தலும் பாதுகாத்தலும்

உந்தம், இயக்கப்பாட்டுச் சக்தி, மின்னோட்டம், அலைகள், பல்பகுதியங்கள் என்பன விஞ்ஞான பாடத்தில் வெவ்வேறு அலகுகளாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் இவை அனைத்தும் ஒரே பொருளில் ஒன்றுசேர்ந்து தொழிற்படுவதைக் காண வேண்டுமாயின் வானொலி அலையினால் கட்டுப்படுத்தப்படும் காரை, அதாவது நாம் றிமோட் கார் என அழைக்கும் காரை, எடுத்துக்கொள்ளலாம். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதனுள்ளே என்ன நடைபெறுகின்றது என எவரும் சிந்திப்பதில்லை. மதிலில் மோதி நின்ற பின்னரே கேள்விகள் எழுகின்றன. எது உடைந்தது? ஏன் அது மட்டும் உடைந்தது? திருத்த முடியுமா? மீண்டும் உடையாதிருக்க என்ன செய்யலாம்?

இங்கு உதாரணமாக யப்பானின் தமியா நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய ரீரீ-02 என்னும் வகைக் காரை எடுத்துக்கொள்வோம். இது உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவுடையது. பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது. ஆகவே உடைந்த பாகத்தைத் தனியே கழற்றி மாற்றலாம். இதன் அடிச்சட்டகம் தொட்டி போன்ற வடிவில் பிளாத்திக்கினால் ஆனது. ஒரு மின்மோட்டரின் சுழற்சி பற்சில்லுகளினாலும் நீண்ட தண்டினாலும் நான்கு சில்லுகளுக்கும் கடத்தப்படுகின்றது. முன் சில்லுகளைத் திருப்புவதற்கு சேவோ எனப்படும் சிறிய மோட்டர் அலகு உண்டு. கையில் வைத்திருக்கும் செலுத்தியிலிருந்து வரும் அலைகளைக் காரிலுள்ள வாங்கி ஏற்று, சேவோவுக்கும் கதிக் கட்டுப்படுத்திக்கும் சைகை அனுப்புகின்றது. கடையில் முழுமையாகப் பொருத்தப்பட்டு விற்கப்படும் மலிவான கார்களிலும் அடிப்படை இதுவே. ஆனால் அவற்றுக்கு மாற்றுப் பாகங்கள் கிடைப்பது அரிது.

மோதலின்போது நடைபெறுவது என்ன?

மின்கலவடுக்குடன் சேர்த்து காரின் திணிவு 1.5 கிலோகிராம் எனவும் அது செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றர் வேகத்தில், சென்று மதிலில் மோதி ஓய்வுக்கு வருகின்றது எனவும் கொள்வோம்.

உந்தம் = திணிவு × வேகம் = 1.5 × 8 = 12 கிலோகிராம் மீற்றர் செக்கன்⁻¹

இயக்கப்பாட்டுச் சக்தி = ½ × 1.5 × 8 × 8 = 48 யூல்

48 யூல் என்பது சிறிய பெறுமானமாகத் தோன்றலாம். அதே காரை 3.2 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது வீட்டுக் கூரை மட்டத்திலிருந்து, சீமெந்துத் தரையில் மூக்குக் குத்த விழவிட்டால் தரையை அடையும்போது அதற்கு இருக்கும் சக்தியும் இதுவே (புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் எனக் கொண்டு மகிழ் கணக்கைச் செய்து பாருங்கள்). காரைக் கூரையிலிருந்து போடுவதற்கு எவரும் துணியமாட்டார்கள். மதிலை நோக்கி முழு வேகத்தில் ஓட்டுவதற்கு மட்டும் தயங்குவதில்லை.

இப்போது விசையைக் காண்போம். முன்பக்கத்தில் மென்மையான பகுதி எதுவும் இல்லையெனில் பிளாத்திக்கு 4 மில்லிமீற்றர் அளவுக்கே நெரிந்து கார் நின்றுவிடும். வேகம் சீராகக் குறைந்தால் சராசரி வேகம் செக்கனுக்கு 4 மீற்றர். ஆகவே நிற்பதற்கு எடுத்த நேரம் 0.001 செக்கன்.

சராசரி விசை = உந்த மாற்றம் ÷ நேரம் = 12 ÷ 0.001 = 12 000 நியூற்றன்

முன்னால் தடித்த நுரைப் பம்பர் இருந்து அது 24 மில்லிமீற்றர் நெரியுமாயின் நேரம் 0.006 செக்கன் ஆகும். விசை 12 ÷ 0.006 = 2000 நியூற்றன். கார் அதே கார், மதிலும் அதே மதில். இருபது மில்லிமீற்றர் நுரை விசையை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது.

இவ்விடத்தில் மாணவர் பலர் விடும் தவறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பம்பர் உந்த மாற்றத்தைக் குறைக்கின்றது என எழுதுகின்றனர். அது பிழையாகும். கார் ஓய்வுக்கு வருவதாயின் பம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உந்த மாற்றம் 12 தான். நேரமே கூடுகின்றது, அதனாலேயே விசை குறைகின்றது. மேலும் நுரைக்குப் பதிலாக நன்கு துள்ளும் இறப்பரைப் பொருத்தி, கார் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் பின்னோக்கித் துள்ளினால் உந்த மாற்றம் 1.5 × (8 + 2) = 15 ஆக அதிகரிக்கும். ஆகவே நல்ல பம்பர் என்பது துள்ளும் பம்பர் அல்ல. மெதுவாக நெரிந்து மெதுவாகவே பழைய வடிவத்துக்கு வருவதாகும்.

வேகத்தை இருமடங்காக்கினால் இயக்கப்பாட்டுச் சக்தி நான்கு மடங்காகும். 48 யூல் 192 யூலாகின்றது. வேகமான மோட்டரை வாங்கிப் பொருத்திய முதல் வாரத்திலேயே கார் சிதைவதற்குக் காரணம் ஓட்டுநரின் கவனயீனம் மாத்திரமன்று.

மோதிய கணத்தில் செய்ய வேண்டியது

முதலில் விரலைக் கதி விசையிலிருந்து எடுக்க வேண்டும். பலர் கார் மதிலில் முட்டிக்கொண்டு நிற்கும்போதும் விசையை அழுத்திப் பிடித்தபடி இருப்பர். மோதலினால் உடையாத பாகங்கள் இதனால் எரிந்துபோகும்.

காரணம் இதுதான். மோட்டர் சுழலும்போது அதன் சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதனால் வழங்கும் மின்னழுத்தத்துக்கு எதிர்த்திசையில் ஒரு மின்னியக்க விசை தூண்டப்படுகின்றது. அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வைக்கின்றது. சில்லு இறுகி மோட்டர் சுழலாது நின்றால் இவ்வெதிர் மின்னியக்க விசை பூச்சியமாகும். சுருளினதும் கம்பிகளினதும் மொத்தத் தடை 0.12 ஓம் எனவும் மின்கலவடுக்கு 7.2 வோல்ற்று எனவும் கொண்டால்,

மின்னோட்டம் = 7.2 ÷ 0.12 = 60 அம்பியர்

வலு = 7.2 × 60 = 432 உவாற்று

இவ்வளவு வலுவும் இயக்கமாக மாறாது வெப்பமாகவே வெளிப்படும். தீப்பெட்டி அளவிலும் சிறிய கதிக் கட்டுப்படுத்தியினூடாக 60 அம்பியர் சில செக்கன்கள் பாய்ந்தாலும் ஆபத்துதான். வெப்பத்தினால் தன்னை நிறுத்திக்கொள்ளும் கட்டுப்படுத்திகளும் உள்ளன. மலிவானவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, ஓடிச் சென்று காரைத் தூக்கி, காரின் ஆளியை முதலில் நிறுத்த வேண்டும். செலுத்தியை அதன் பின்னரே நிறுத்த வேண்டும். ஆரம்பிக்கும்போது ஒழுங்கு மறுதலை: செலுத்தி முதலில், கார் பின்னர். செலுத்தியின் சைகை இல்லாதபோது பழைய வகை வாங்கிகள் சூழலிலுள்ள வேறு அலைகளை ஏற்றுத் திடீரென ஓடத் தொடங்கக்கூடும்.

மின்கலவடுக்கை முதலில் பாருங்கள்

உடைந்த பிளாத்திக்கு காத்திருக்கும். மின்கலவடுக்கு காத்திராது. இப்பகுதியை ஏனையவற்றிலும் கவனமாக வாசியுங்கள்.

இக்கார்களில் இருவகை மின்கலவடுக்குகள் பயன்படுகின்றன. நிக்கல் உலோக ஐதரைட்டு வகையில் 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்டு 7.2 வோல்ற்று பெறப்படும். இலிதியம் பல்பகுதிய வகையில் 3.7 வோல்ற்றுக் கலங்கள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 7.4 வோல்ற்று பெறப்படும். முதலாவது வகை உலோக உறையினுள் இருப்பதனால் ஓரளவு அடியைத் தாங்கும். இரண்டாவது வகைக் கலங்களின் உறை மெல்லிய பை போன்றது. உள்ளே நேர், மறை மின்வாய்களை ஒரு மெல்லிய படலம் மட்டுமே பிரித்து வைத்திருக்கின்றது. அடிபட்டு அப்படலம் கிழிந்தால் உள்ளேயே குறுஞ்சுற்று ஏற்பட்டு, வெப்பம் உயர்ந்து, மின்பகுபொருள் தீப்பற்றும். இது மோதியவுடனேயே நிகழ வேண்டுமென்பதில்லை. பல மணித்தியாலங்கள் கழித்தும், பெரும்பாலும் மீண்டும் மின்னேற்றும்போதும் நிகழலாம்.

ஆகவே வீக்கம், நெளிவு, உறையில் கிழிவு, இனிய வாசனை போன்ற மணம், காரணமற்ற சூடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் அதனை மின்னேற்றக் கூடாது. கார் நிற்கும் இடத்திலேயே, பாதுகாப்பாகக் கழற்ற முடிந்தால் இணைப்பைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய மண்சட்டியிலோ தகரப் பெட்டியிலோ வைத்து, பெரியவர் ஒருவருக்குத் தெரிவியுங்கள். வீங்கிய கலத்தை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று கூறுவோரும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அத்தகைய கலத்தை வீட்டுக் குப்பையுடன் சேர்க்காது இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வெளியே எக்குறையும் தெரியாவிடின் பல்மானியினால் ஒவ்வொரு கலத்தினதும் அழுத்த வித்தியாசத்தைத் தனித்தனியே அளவிடுங்கள். முழுமையாக மின்னேற்றிய இலிதியம் பல்பகுதியக் கலம் 4.2 வோல்ற்றைக் காட்டும். 3.0 வோல்ற்றிலும் குறைய விடக்கூடாது. இரு கலங்களும் ஏறத்தாழச் சம பெறுமானம் காட்ட வேண்டும். ஒன்று 3.8 உம் மற்றையது 3.1 உம் காட்டுமாயின் இரண்டாவது கலத்தினுள்ளே ஏதோ கசிகின்றது என்பதே பொருள். அந்த மின்கலவடுக்கின் வேலை முடிந்துவிட்டது.

குறையைக் கண்டுபிடித்தல்

மின்கலவடுக்கு அகற்றப்பட்ட நிலையில் காரைக் கழுவாது, மென்தூரிகையால் தூசியை நீக்குங்கள். பின்னர் நான்கு சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அசைவு கூடுதலாக இருந்தால் அப்பக்கத்துத் தாங்கு கையிலோ அதனைப் பிடிக்கும் உருக்கு ஊசியிலோ குறையுண்டு. உருக்கு ஊசி வளைந்துள்ளதா என்பதை அறிய அதனைக் கழற்றிக் கண்ணாடித் தட்டொன்றின் மீது உருட்டினால் போதும். நேரானது சத்தமின்றி உருளும், வளைந்தது தட்டுத்தடுமாறி உருளும். மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைந்த உருக்கைச் சுத்தியலால் நேராக்கலாம். ஆயினும் அது அவ்விடத்திலேயே மீண்டும் வளையும். புதிய ஊசியின் விலையுடன் ஒப்பிட்டால் அவ்வுழைப்பு வீண்.

மோட்டர் சுழலும் சத்தம் கேட்கின்றது, ஆனால் கார் நகரவில்லை என்றால் பற்சில்லுப் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். மோட்டரின் தண்டில் சிறிய பற்சில்லைப் பிடித்திருக்கும் சிறு திருகாணி தளர்ந்துள்ளதா என முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குறை இருக்கும். தண்டில் தட்டையாகச் சீவப்பட்ட பக்கத்தின் மீது அத்திருகாணி அமையுமாறு இறுக்க வேண்டும்.

ஓடும்போது சீராக 'டக், டக்' என ஒலி வந்தால் பற்சில்லொன்றில் பல் உடைந்துள்ளது. எதில் என்பதை ஒலியைக் கொண்டே ஊகிக்கலாம். ரீரீ-02 இல் மோட்டரின் பற்சில்லுக்கு 22 பற்களும் அது சுழற்றும் பெரிய சில்லுக்கு 70 பற்களும் உண்டு. சிறியது ஏறத்தாழ 3.2 தடவை சுழலும்போது பெரியது ஒரு தடவை சுழலும். பல் உடைந்தது பெரியதிலாயின் அதன் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு 'டக்' மட்டுமே. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கையால் மெதுவாகச் சுழற்றி எண்ணிப் பாருங்கள். மோட்டரை நகர்த்திப் பொருத்தும் வகைக் கார்களில் இரு பற்சில்லுகளுக்குமிடையே அப்பியாசக் கொப்பித் தாளின் மெல்லிய துண்டொன்றை வைத்து இறுக்கிப் பின்னர் தாளை எடுத்துவிட்டால் தேவையான இடைவெளி கிடைக்கும்.

செலுத்தியின் சுக்கானைத் திருப்பும்போது சேவோ ஓசை எழுப்பியும் சில்லுகள் திரும்பாவிடின் அதனுள் உள்ள சிறிய பற்சில்லுகள் மழுங்கியுள்ளன, அல்லது மேலேயுள்ள கையின் திருகாணி கழன்றுள்ளது. ஓசையே இல்லையெனில் கம்பி இணைப்பைப் பாருங்கள்.

ஒட்டக்கூடியதும் ஒட்டக்கூடாததும்

கடையில் கிடைக்கும் சிறிய குழாய்ப் பசை எல்லாவற்றையும் ஒட்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அப்பசை சயனோஅக்கிரிலேற்று வகையைச் சேர்ந்தது. காற்றிலும் பரப்பிலுமுள்ள ஈரத்தினால் இறுகும். இறுகிய பின் அது கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. அடுத்த மோதலில் அதே இடத்தில் விட்டுப்போகும். இறப்பர் ரயரைச் சில்லின் விளிம்புடன் ஒட்டுவதற்கு அது சிறந்தது, அடிச்சட்டகத்துக்கு அன்று.

எந்தப் பிளாத்திக்கு என்பதை அறிந்தே ஒட்ட வேண்டும். அடிச்சட்டகங்கள் பல ஏ.பி.எஸ். எனப்படும் வெப்பமிளக்கும் பல்பகுதியத்தால் ஆனவை. இது அசற்றோனில் கரையும். எனவே பாகங்களைக் கழற்றிய பின் எஞ்சும் ஏ.பி.எஸ். சட்டத்துண்டுகளைச் சிறிதாக வெட்டி அசற்றோனில் ஊறவைத்துக் களி போலாக்கி வெடிப்பினுள் பூசினால், அசற்றோன் ஆவியாகியதும் இரு பக்கங்களும் ஒரே திண்மமாகின்றன. ஒரு நாள் முழுவதும் விட்டு வையுங்கள். உட்புறமாக அதே பிளாத்திக்கின் தகடொன்றையும் சேர்த்து ஒட்டினால் விசை பரந்த பரப்பில் தாங்கப்படும். அசற்றோன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

நைலோன் பாகங்கள் அசற்றோனில் கரைவதில்லை. பசையும் அவற்றில் நன்கு பிடிப்பதில்லை. மறைவான இடமொன்றில் ஒரு துளி அசற்றோன் வைத்துப் பார்த்தால் ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும், நைலோன் மாறாதிருக்கும். நைலோன் தாங்கு கை உடைந்தால் மாற்றுவதே வழி.

காரின் மேலுடல் பொலிகாபனேற்றால் ஆனது. மேற்கூறிய அசற்றோன் சோதனையை இதில் செய்யக்கூடாது. மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிவிடும். மேலுடலில் வெடிப்பு ஏற்பட்டால் அதன் முடிவிடத்தில் 2 மில்லிமீற்றர் அளவில் வட்டத் துளையொன்றை இடுங்கள். ஓட்டையை ஓட்டையால் அடைப்பதா எனச் சிரிப்பு வரலாம். ஆனால் வெடிப்பின் கூரிய முனையில் விசை மிகச் சிறிய பரப்பில் குவிவதனாலேயே வெடிப்பு மேலும் நீள்கின்றது. முனை வட்டமானால் விசை பரவி, வெடிப்பு அங்கேயே நின்றுவிடும். பின்னர் உட்புறத்தில் கண்ணாடி இழை வலைப் பட்டியை வைத்து, சப்பாத்து ஒட்டும் நெகிழ்வான பசையைப் பூசுங்கள்.

திருகாணி தளராதிருக்கப் பயன்படும் திரவத்தை உலோகத்துடன் உலோகம் சேருமிடத்தில் மட்டுமே இட வேண்டும். ஏ.பி.எஸ்., பொலிகாபனேற்று ஆகியவற்றில் அது பட்டால் வெடிப்பு உண்டாகும். பிளாத்திக்கினுள் செல்லும் திருகாணியை மீண்டும் பொருத்தும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, அது பழைய புரியில் 'டிக்' என விழுந்ததை உணர்ந்த பின்னரே வலப்பக்கமாக இறுக்குங்கள். நேரடியாக இறுக்கினால் புதிய புரி வெட்டப்பட்டு, சில தடவைகளில் துளை பயனற்றுப் போகும்.

அன்ரனாவும் கொள்ளளவியும்

கார் கைக்கெட்டிய தூரத்தில் நன்றாக ஓடுகின்றது, சற்றுத் தொலைவில் நின்றுவிடுகின்றது என்பது மோதலுக்குப் பின் அடிக்கடி காணப்படும் முறைப்பாடு. புதிய செலுத்திகள் 2.4 கிகாஹேர்ட்சு மீடிறனில் தொழிற்படுகின்றன. அலையின் வேகம் = மீடிறன் × அலைநீளம் என்பதால்,

அலைநீளம் = 300 000 000 ÷ 2 400 000 000 = 0.125 மீற்றர்

இதன் காற்பங்கு ஏறத்தாழ 3.1 சென்ரிமீற்றர். வாங்கியின் அன்ரனாக் கம்பியின் நுனியில் உறை நீக்கப்பட்டிருக்கும் பகுதியின் நீளம் இதுவே. சில்லில் சிக்கி அந்நுனி அறுந்துவிட்டால் தூரம் குறையும். பழைய 27 மெகாஹேர்ட்சுச் செலுத்திகளில் அலைநீளம் 11 மீற்றருக்கும் அதிகம் என்பதாலேயே அவற்றுக்கு நீண்ட கம்பி தேவைப்பட்டது. எவ்வகையாயினும் தொங்குகின்றதே என்று அன்ரனாவை வெட்டக்கூடாது.

கார் தானாக நடுங்கி ஓடினால் மோட்டரின் முனைகளைப் பாருங்கள். தூரிகை உள்ள மோட்டரில் 104 எனக் குறிக்கப்பட்ட சிறிய கொள்ளளவிகள் பற்றாசினால் பிடிக்கப்பட்டிருக்கும். 104 என்பது 10 இன் பின் நான்கு பூச்சியங்கள், அதாவது 100 000 பிக்கோபரட்டு அல்லது 0.1 மைக்குரோபரட்டு. தூரிகையில் எழும் தீப்பொறியினால் உண்டாகும் அலைகள் வாங்கியைக் குழப்பாது தடுப்பது இவற்றின் வேலை. மோதலில் ஒரு கால் அறுந்திருப்பின் மீண்டும் பற்றாசு பிடிக்க வேண்டும்.

எதை உடையவிடுவது?

பாதுகாத்தல் என்றவுடன் எல்லாப் பாகங்களையும் அலுமினியத்தில் வாங்கிப் பொருத்த வேண்டும் எனப் பலர் நினைக்கின்றனர். பளபளப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆயின் மோதலின் சக்தி எங்காவது செல்ல வேண்டுமல்லவா? மலிவான நைலோன் கை வளைந்தோ உடைந்தோ அச்சக்தியை உள்வாங்குகின்றது. அதை அலுமினியக் கையாக மாற்றினால் கை தப்பிவிடும். விசை அப்படியே அடிச்சட்டகத்துக்குக் கடத்தப்பட்டு, கை பொருத்தப்பட்டிருந்த இடம் பிய்ந்துவிடும். கையை மாற்றச் சில நிமிடங்கள் போதும். அடிச்சட்டகத்தை மாற்ற முழுக் காரையும் கழற்ற வேண்டும். மின்சுற்றில் உருகி செய்வதையே இங்கு நைலோன் கை செய்கின்றது. அடிக்கடி எரிகின்றது என்று உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியை இடுபவரும் அலுமினியக் கை இடுபவரும் செய்வது ஒரே தவறு.

பெரிய கார்களிலும் இதுவே கொள்கை. மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் பெலா பரேனி, முன்பக்கமும் பின்பக்கமும் நெரிந்து நடுவிலுள்ள பயணிகள் பகுதி உறுதியாக நிற்கும் அமைப்புக்கு 1951 இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1959 இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் கார் அவ்வமைப்புடன் வந்தது. விபத்தின்பின் முன்பக்கம் சப்பளிந்து கிடக்கும் காரைப் பார்த்து "இந்தக் காலத்துத் தகடு பலமில்லை" எனக் கூறுவோர் அது வேண்டுமென்றே அவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிவதில்லை.

சுக்கான் பகுதியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. சேவோவுக்கும் சில்லுக்குமிடையே சுருளிவில் பொருத்திய ஒரு கை இருக்கும். சில்லில் பக்கவாட்டாக அடி விழும்போது வில் விரிந்து கொடுக்க, சேவோவின் பற்கள் தப்புகின்றன. மோதலின்பின் இவ்வில்லைப் பார்க்க மறக்க வேண்டாம். மற்றபடி முன்னால் நுரைப் பம்பர், மேலுடலின் உள்விளிம்பில் வலைப் பட்டி, கம்பிகளை இறுகக் கட்டும் பட்டிகள் ஆகியன போதும். பழகும் வரை செலுத்தியில் உச்சக் கதியைக் குறைத்து வைப்பது இவை எல்லாவற்றிலும் மலிவானது.

திருத்திய காரை உடனே நிலத்தில் விடாது, சில்லுகள் நிலத்தில் படாதவாறு ஒரு பெட்டியின் மேல் வைத்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு நிமிடங்களின் பின் மின்கலவடுக்கை அகற்றி மோட்டரைத் தொடுங்கள். சுமை எதுவுமின்றியே அது சூடேறியிருந்தால் எங்கோ உராய்வு உண்டு. பின்னர் சமதரையில் நேராக ஓடவிடுங்கள். கார் ஒரு பக்கம் இழுத்துச் சென்றால் செலுத்தியிலுள்ள திருத்தற் குமிழைத் திருப்பி நேராக்கத் தோன்றும். அதற்கு முன் அக்குமிழ் மோதலுக்கு முன்னர் எந்நிலையில் இருந்தது என எண்ணிப் பாருங்கள். அப்போது நடுவில் வைத்து நேராக ஓடிய கார் இப்போது ஓடவில்லையெனில் ஏதோ ஒன்று இன்னும் வளைந்தே இருக்கின்றது. குமிழைத் தொடாது, காரை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்து, இழுக்கும் பக்கத்து முன் சில்லைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.